ஹோட்டன் சமவெளி ஒரு நாள் நடை: இந்தப் பூக்களுக்கும் ஓணானுக்கும் பெயர் என்ன?

கொழுந்துக்கூடை

பள்ளி விடுமுறைக்கு அண்ணன் குடும்பம் கொழும்பிலிருந்து வந்திருந்தது. ஆகஸ்டில் மலை உச்சியிலுள்ள ஹோட்டன் சமவெளிப் பூங்காவுக்குப் போகாதீர்கள், காற்றும் மூட்டமும் ஒன்றையும் பார்க்க விடாது என்று தோட்டத்தில் எல்லோரும் தடுத்தார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை அப்போதுதானே கிடைக்கிறது! ஹட்டனிலிருந்து இருட்டோடு வான் வண்டி பிடித்து, நுவரெலியா தாண்டி, அம்பேவல, பட்டிபொல வழியாக ஏறினோம்.

தோட்டத்தார் சொன்னது பலித்தது. உலக முடிவு என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் நின்றபோது பள்ளம் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத வெள்ளை. தெற்கே கடல்வரை தெரியும் என்று வழியெல்லாம் வர்ணித்துக்கொண்டு வந்த அண்ணன், அங்கே போனதும் வாயை மூடிக்கொண்டார். தூரத்தில் பார்க்க எதுவும் இல்லாததால் மிச்ச வழி முழுவதும் காலடியிலும் பாதை ஓரத்திலும் இருப்பதைத்தான் பார்த்தோம். அது நல்லதாகப் போயிற்று. ஒன்பது கிலோமீட்டர் சுற்றில் பிள்ளைகள் ஒரு தடவைகூட "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கவில்லை.

படங்களை இணைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் பெயர் சொல்லுங்கள்.

படம் 1: வாகனத் தரிப்பிடத்தை நெருங்கும்போதே சாலையோரம் முழுக்க மஞ்சள் பூப் புதர். இலை என்று எதுவும் இல்லை, எல்லாம் முள். முகர்ந்தால் தேங்காய் வாசனை.

படம் 2: புல்லுக்கு நடுவே நீல நட்சத்திரப் பூ. வாள் போன்ற இலை. காலையில் விரிந்திருந்தது, திரும்பி வரும்போது முறுக்கிக்கொண்டு கிடந்தது.

படம் 3: பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் இடத்தில் கோணல்மாணலாக நின்ற மரம். இரத்தச் சிவப்பில் ஓரிரு கொத்து மட்டும் மிஞ்சியிருந்தது.

படம் 4: ஈரப் புல்வெளியில் ஒரு சாண் உயரத் தண்டு, அதைச் சுற்றி நெருக்கமாக இளஞ்சிவப்புப் பூக்கள்.

படம் 5: ஊதாப் பூ, நடுவில் தடித்த மஞ்சள் மகரந்தப்பைகள். எங்கள் தோட்டத்து மேட்டில் பூக்கும் போவிட்டியா என்கிறார் அண்ணி. எனக்குச் சந்தேகம்.

படம் 6: ஓடைத் தண்ணீருக்குள் நீளமான இலைகள், ஓரமெல்லாம் அலை அலையாக. பூவா, பாசியா என்றுகூடத் தெரியவில்லை.

படம் 7: பூ அல்ல. அண்ணன் மகள் கண்டுபிடித்தாள். பாசி படர்ந்த அடிமரத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஓணான், மூக்கின் நுனியில் கொம்பு! ஐந்து நிமிடம் நின்றோம், அது கண்ணை மட்டும் சுழற்றியது.

இவை தவிர, தரிப்பிடத்திலேயே ஒரு பெரிய ஆண் மரை (கடமான்) வான் கதவருகே வந்து நின்றது. காட்டுக்கோழிச் சேவல் ஒன்று பாதையைக் கடந்தது. மரத்துக்குள்ளிருந்து மந்தியின் கரகரத்த குரல் கேட்டது, ஆளைக் காணவில்லை.

குன்னூர்க் குளிர்

அக்கா, உங்கள் படங்களைப் பார்த்தால் எங்கள் நீலகிரியில் எடுத்தவை என்று யாரிடமும் சொல்லி நம்ப வைக்கலாம். தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

படம் 1 கோர்ஸ், யூலெக்ஸ் யூரோப்பியஸ். ஐரோப்பியச் செடி. வெள்ளைக்காரர்கள் மலை ஊர்களில் குடியேறிய காலத்தில் கொண்டுவந்தது. ஊட்டிப் பக்கம் இதுவும், இதன் உறவான ஸ்காட்ச் புரூம் என்ற இன்னொரு மஞ்சள் பூச்செடியும் சேர்ந்து புல்வெளிகளை விழுங்கியிருக்கின்றன. அவரை இனம். காய் முற்றி வெயிலில் வெடிக்கும்போது விதை தெறித்து விழும். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். எரித்தால் அழியும் என்று நினைத்துத் தீ வைத்தால் மறு வருடம் இன்னும் அடர்த்தியாக முளைக்கும்.

படம் 2 அரிஸ்டியா, தென்னாப்பிரிக்கக்காரி. மதியத்துக்குள் பூ சுருண்டுவிடும், நீங்கள் கவனித்தது சரி. இதுவும் வந்தேறி.

படம் 3 ரோடோடென்ட்ரன் ஆர்போரியம். இவர் உள்ளூர்க்காரர். இமயமலையில் ஒரு வகை, நீலகிரியிலும் பழனி மலையிலும் ஒரு வகை, உங்கள் இலங்கை மலைநாட்டில் ஒரு வகை. ஒரே இனம், மூன்று இடத்திலும் துண்டுதுண்டாக நிற்கிறது. நடுவிலே உள்ள சமவெளியின் வெயிலில் இது பிழைக்காது. இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா? உங்கள் வகைக்கு அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில் கம்பளி போல இருக்கும்.

படம் 4 பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி. சடைரியம் நேபாளென்ஸ், தரை ஆர்க்கிட். பூவின் பின்பக்கம் இரண்டு குட்டி வால்கள் தொங்குகின்றனவா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இருந்தால் அதுவேதான். எங்களிடம் முக்குருத்தி, அவலாஞ்சிப் பக்கத்துப் புல்வெளிகளில் மழை முடியும் சமயத்தில் பூக்கும்.

மற்றவற்றை இலங்கைக்காரர்கள் சொல்லட்டும்.

பட்டிபொலைப் பனி

தங்கச்சி, மூட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வந்தால் வானம் திறந்திருக்கும், இரவில் புல்லின் மேல் உறைபனிகூட விழும். எந்த மாதமானாலும் காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது உள்ளே போய்விட வேண்டும். ஒன்பது, பத்து மணிக்குள் கீழேயிருந்து மேகம் ஏறிவிடும். பாதி வண்டிகள் நுவரெலியாவில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் புறப்படுகின்றன. அவர்கள் பார்ப்பதெல்லாம் வெள்ளைச் சுவர்.

மரை பற்றி நீங்கள் எழுதியது எனக்கு உறுத்துகிறது. கதவருகே வந்து நின்றது என்கிறீர்கள். ஏன் வந்தது? நான் இந்த வழியில் வான் ஓட்டுகிறவன். வாசலில் பையைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரிக்கிறார்கள். அவ்வளவு கட்டுப்பாட்டையும் தாண்டி உள்ளே வந்து பாணையும் (ரொட்டி) பிஸ்கட்டையும் நீட்டுகிறார்கள். கொம்புள்ள ஆண் மரை ஜன்னலுக்குள் தலையை விடுகிறது, கைத்தொலைபேசிகள் எல்லாம் மேலே போகின்றன.

யாழ்ப்பாணத்து வெயில்

நானும் போன வருடம் குடும்பத்தோடு போனேன். என் சின்ன மகன் அந்த மரைக்கு ஒரு துண்டு பாண் கொடுத்தான். அது கையை நக்கியது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாளில் மறக்காது. வீட்டுக்கு வந்து மானும் மரையும் வேறு வேறு என்று தாத்தாவுக்கே பாடம் எடுத்தான். காட்டு விலங்கின் மேல் பிள்ளைகளுக்கு அன்பு எப்படி வரும்? தூரத்தில் ஒரு புள்ளியைக் காட்டி "அதோ மரை" என்றால் வருமா? ஒரு துண்டுப் பாணால் இரண்டாயிரம் மீட்டர் உயர மலை கவிழ்ந்துவிடாது ஐயா. எல்லாவற்றுக்கும் தடை போட்டால் மனிதர் ஏன் அங்கே போக வேண்டும்?

பட்டிபொலைப் பனி

தம்பி, உங்கள் பிள்ளையின் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்கள் மேலும் இல்லை. ஆனால் அந்தத் தரிப்பிடத்தில் ஒரு நாளில் எத்தனை பிள்ளைகள் இறங்குகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எல்லோரிடமும் ஆளுக்கு ஒரு துண்டு.

அந்த விலங்கு புல்லும் தழையும் அசைபோடுகிற ஜாதி. அதன் வயிறு மாப்பண்டத்துக்கு உண்டானதல்ல. பிஸ்கட்டோடு உறையையும் சேர்த்து விழுங்குவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆண் மரைக்கு மதம் பிடிக்கும் பருவத்தில் அதே நக்கிய வாய்க்கு மேலே ஒரு கொம்பும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். பாண் கொடுக்காமல் கையை வெறுமையாக நீட்டுகிற பிள்ளையை அது என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

தூரத்துப் புள்ளி என்று சொன்னீர்களே, அப்படி ஒன்றும் இல்லை. மாலை நாலு மணிக்குமேல் பட்டிபொல வாசல் பக்கத்துப் புல்வெளியில் கூட்டமாக மேயும். குட்டி, தாய், இளம் ஆண் எல்லாம் இருக்கும். சாலையில் நின்றே பார்க்கலாம். பார்த்துக்கொண்டே இருந்தால் திடீரென்று எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும், வால் நிமிரும், ஒன்று "டாங்" என்று குரல் கொடுக்கும். அந்தக் காட்டில் சிறுத்தைக்கு முக்கியமான இரை மரைதான். அந்தக் குரலை ஒரு தடவை கேட்ட பிள்ளை வானுக்குள் மூச்சு விடாமல் உட்கார்ந்திருக்கும். பாண் தேவையே இல்லை.

ஓணான் பைத்தியம்

படம் 7 யாருடைய கண்ணிலும் படவில்லையா? அந்தப் பெண் பிள்ளைக்கு என் சார்பில் ஓர் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள் அக்கா.

அது கொம்பு ஓணான், செரட்டோஃபோரா ஸ்டொடார்ட்டி. இந்தப் பேரினமே இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இந்த இனம் மத்திய மலைநாட்டின் உயர்ந்த பகுதிகளில் மட்டும். கொம்பு நன்றாக நீண்டிருப்பதால் ஆண். ஓடித் தப்புவது இதற்குப் பழக்கமில்லை, பாசியோடு பாசியாக அசையாமல் இருப்பதுதான் அதன் பாதுகாப்பு. அதனால்தான் உங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தது.

அதே காட்டில் இன்னொன்று இருக்கிறது, கொபோட்டிஸ். கொம்பு கிடையாது, பெரிய செதில்கள், வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் ஓணான்கள் மண்ணைத் தோண்டி முட்டையிட, இது குட்டி போடுகிறது. அந்தக் குளிரில் மண்ணுக்குள் முட்டையை விட்டுவிட்டுப் போவதைவிட வயிற்றில் சுமந்துகொண்டு வெயில் காய்வது அதற்குத் தோதுபோலும்.

ஒரு வேண்டுகோள். படத்தோடு இடத்தின் ஆள்கூறும் பதிவாகியிருக்கிறது. தயவுசெய்து அதை நீக்கிவிட்டுப் படத்தை மறுபடியும் ஏற்றுங்கள். இந்த ஓணான்களை வெளிநாட்டில் வளர்ப்புக்காகக் கடத்துகிறார்கள். 2019இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் பட்டியலில் இவற்றைச் சேர்த்ததே அதனால்தான். எந்த வளைவில் எந்த மரம் என்று நாமே வழிகாட்ட வேண்டாம்.

இப்போது பாண் துண்டுக்கு வருகிறேன். மரையின் வயிற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தரிப்பிடத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கவனித்தீர்களா? காகம். மரை தின்றது போக விழுகிற துணுக்கு, குப்பைத் தொட்டி, சாப்பாட்டுப் பார்சல், இவற்றால் காகங்கள் அந்தச் சமவெளியில் பெருகியிருக்கின்றன. பாண் கிடைக்காத நேரத்தில் அவை சும்மா இருப்பதில்லை. வேலிக் கம்பத்தில் வெயில் காயும் கறுப்பு உதட்டு ஓணானைக் கொத்திக்கொண்டு போகின்றன. அதுவும் இலங்கை மலைநாட்டுக்கு மட்டுமே உரிய இனம். யாழ்ப்பாணத்து அண்ணனின் மகன் கொடுத்த துண்டு மலையைக் கவிழ்க்காது என்பது உண்மைதான். அது ஒரு காகத்துக்கு அன்றைய தங்கும் செலவு, அவ்வளவே.

யாழ்ப்பாணத்து வெயில்

காகக் கணக்கை நான் யோசித்ததில்லை. அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு கேள்வி: அவ்வளவு பெரிய திணைக்களம், நுழைவுக் கட்டணம், சீருடை எல்லாம் இருக்கிறது. தரிப்பிடத்தில் ஓர் ஆளை நிறுத்தி "கொடுக்காதே" என்று சொல்ல முடியாதா? பலகை மூன்று மொழியிலும் இருக்கிறது என்பார்கள். பலகையைப் படிக்கிற வயதா என் மகனுக்கு?

குன்னூர்க் குளிர்

அண்ணா, பலகையைப் படிக்கிற வயதில் நீங்கள் பக்கத்தில் நின்றீர்களே!

விளையாட்டுக்குச் சொன்னேன், கோபிக்க வேண்டாம். எங்கள் ஊரிலும் இதே கதை வேறு உடையில் நடக்கிறது. கடமான், அதாவது உங்கள் மரை, நீலகிரிக் காட்டில் ஆளைக் கண்டால் மறைந்துவிடும். ஆனால் காட்டெருமை ஊருக்குள் வந்து பஸ் நிறுத்தம்வரை உலாவுகிறது. தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே கன்று போடுகிறது. புல்வெளி போய் சீகை (வாட்டில்) மரமும் கோர்ஸும் வந்துவிட்ட பிறகு அது வேறு எங்கே மேயும்? சுற்றுலாப் பயணிகளுக்கு ஆயிரம் கிலோ மிருகத்தோடு தற்படம் வேண்டும். வருடம் ஒரு தடவையாவது யாராவது குத்துப்படுகிறார்கள்.

கோர்ஸ் பேச்சை எடுத்துவிட்டேன், முடித்துவிடுகிறேன். கொழுந்துக்கூடை அக்காவின் படங்களில் எனக்கு ஒன்று பட்டது. மிக அழகாக, மிக நிறைய எடுத்திருப்பது 1ஆம், 2ஆம் படங்களைத்தான். இரண்டும் அந்த மண்ணுக்கு அந்நியம். சடைரியத்துக்கு ஒரே ஒரு மங்கலான படம். அக்காவைக் குறை சொல்லவில்லை, சாலையோரம் இருப்பதும் பளிச்சென்று இருப்பதும் அவைதாம். அந்த மஞ்சளை வேரோடு பிடுங்கினால் என்ன என்று இங்கே யாருக்காவது தோன்றியதா? எங்கள் பக்கம் தன்னார்வலர்கள் சேர்ந்து பிடுங்குகிறார்கள். கையுறையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும் முள்.

பட்டிபொலைப் பனி

இங்கேயும் பிடுங்குகிறார்கள் தம்பி. வனஜீவராசிகள் திணைக்களத்தார், பல்கலைக்கழகப் பிள்ளைகள், தொண்டு அமைப்புகள் என்று அவ்வப்போது கூட்டமாக வந்து வேரோடு தோண்டுவார்கள். அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்தில் குட்டிக் குட்டியாக முளைத்து நிற்கும். நீங்கள் சொன்ன விதைதான் காரணம். திரும்பத் திரும்ப வந்து முளையைக் கிள்ளினால்தான் அடங்கும். படம் எடுப்பதற்கு முதல் நாள் வருகிறார்கள், முளை கிள்ளுவதற்கு மூன்றாம் வருடம் யார் வருகிறார்கள்?

ஓணான் பைத்தியம்

பிடுங்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. சொன்னால் அடிக்க வருவீர்கள்.

முன்னே சொன்ன கறுப்பு உதட்டு ஓணானைத் தேட வேண்டுமானால் நான் முதலில் போய் நிற்பது கோர்ஸ் புதருக்கு முன்னால்தான். அதன் உச்சியில் ஏறி வெயில் காயும். காகம் தாழப் பறந்தால் ஒரே குதி, முள்ளுக்குள் மறைந்துவிடும். காகத்தால் அந்த முள்ளுக்குள் தலையை நீட்ட முடியாது. பூவுக்கு வரும் பூச்சிகளும் அங்கேயே கிடைக்கின்றன. வீடு, காவல், சாப்பாடு மூன்றும் ஓர் அந்நியச் செடியின் தயவில்!

ஆக, நாம் போட்ட பாணால் காகம் வந்தது. காகத்துக்குப் பயந்து ஓணான், வெள்ளைக்காரன் நட்ட முள்ளுக்குள் புகுந்தது. இப்போது நல்லெண்ணத்தோடு முள்ளை ஒரே நாளில் வழித்தெடுத்தால் ஓணான் வெட்டவெளியில் நிற்கும், காகம் அப்படியே இருக்கும். வரிசையை மாற்றிச் செய்யுங்கள் என்பதுதான் என் வாதம். முதலில் தரிப்பிடத்துச் சாப்பாட்டை நிறுத்துங்கள், காகம் குறையட்டும். கோர்ஸைத் துண்டு துண்டாக எடுங்கள். எடுத்த இடத்தில் அந்த மண்ணுக்குரிய புதர் எழும்பிய பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள்.

குன்னூர்க் குளிர்

அடிக்க வரவில்லை. ஆனால் நீங்கள் சொல்கிற நிதானத்துக்குக் கோர்ஸ் காத்திருக்குமா? துண்டு துண்டாக எடுக்கும் வருடங்களில் அது மறுபக்கம் புல்வெளிக்குள் பாய்ந்துவிடும். எங்கள் ஊரில் பார்த்தது அதுதான். ஓரத்தில் ஒரு வேலியாக இருந்தது, யோசித்துக்கொண்டே இருந்தார்கள், இன்றைக்கு மலைச்சரிவு முழுவதும் மஞ்சள். சடைரியம், தரையோடு படர்ந்த ஜென்ஷியன், நீலகிரி நெட்டைக்காலி என்ற குருவி, எல்லாம் திறந்த புல்லை நம்பி வாழ்பவை. அவற்றுக்காக யார் பேசுவது? ஓணானுக்குப் புதர் வேண்டும், ஆர்க்கிடுக்கு வெளிச்சம் வேண்டும். ஏதாவது ஒன்று கொஞ்ச காலம் கஷ்டப்படத்தான் வேண்டும்.

ஓணான் பைத்தியம்

அப்படியானால் புல்வெளிக்குள் தனித்தனியாக நிற்கும் செடிகளை முதலில் எடுங்கள். அங்கே ஓணானும் குறைவு, வேலையும் குறைவு. சாலையோரத்து அடர்ந்த புதரைக் கடைசிக்கு வையுங்கள். இதில் நமக்குள் சண்டை இல்லை என்று நினைக்கிறேன்.

குன்னூர்க் குளிர்

இதற்குச் சம்மதம்.

தாடிப்பாசி

பிள்ளைகளே, ஓய்வு பெற்ற தபால்காரன் நான். ஒஹியப் பக்கம் வேலை பார்த்தவன். புகையிரத நிலையத்திலிருந்து செங்குத்தான பாதையில் அந்தக் காலத்தில் நடந்தே ஏறுவோம். வாகன வசதி வந்த பிறகு அந்த வழியில் நடப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நடக்க முடிந்தவர்கள் அதைத் தேர்ந்தெடுங்கள். உயரம் கூடக் கூட மரங்கள் குள்ளமாகி, மேல்பகுதி குடை விரித்து, கிளையெல்லாம் என் பெயரிலுள்ள தாடிப்பாசி தொங்கும். அந்த மாற்றத்தை வான் வண்டியில் போனால் உணர முடியாது.

அந்நியம், உள்ளூர் என்று நீங்கள் பிரித்துப் பேசுவதைப் படித்தேன். அந்தச் சமவெளியில் மனிதர் கை படாத இடம் குறைவு. வெள்ளைக்காரத் துரைமார் அங்கே வேட்டைக்கு வந்தார்கள். இன்றைக்குப் பார்வையாளர் மையமாக இருக்கிற ஃபார் இன் என்ற கட்டடம், அப்போது வேட்டைக்காரர்களின் தங்குமிடம். நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர் நாய்களை விட்டு மரை வேட்டையாடியவர். அந்த மலையில் முன்பு யானையும் இருந்தது, அது துப்பாக்கிக் காலத்தோடு போயிற்று. ஓடையில் துள்ளுகிற டிரவுட் மீனும் அவர்கள் தூண்டில் போடுவதற்காகக் கொண்டுவந்து விட்டது. பிறகு 1960களில் அங்கே உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். 1969இல் இயற்கை ஒதுக்கிடம், 1988இல் தேசிய பூங்கா. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் மத்திய மலைநாட்டோடு சேர்ந்தது. மகாவலி, களனி, வளவை மூன்று ஆற்றுக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் இறங்குகிறது என்பதை நினைத்தால் உருளைக்கிழங்குக்கு முன்பே யாராவது யோசித்திருக்க வேண்டும்.

நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று: காய்ந்த மரங்கள். உலக முடிவுக்குப் போகும் வழியில் நின்ற நிலையில் பட்டுப்போன வெள்ளை மரங்களைப் பார்த்திருப்பீர்களே? பெரும்பாலும் கீன மரங்கள், நாவல் இனத்து மரங்களும் உண்டு. பல பத்தாண்டுகளாக இப்படிக் காடு திட்டுத் திட்டாகச் சாகிறது. மண், நீர்ப் பற்றாக்குறை, காற்றில் வரும் மாசு என்று ஆய்வாளர்கள் ஆளுக்கொரு காரணம் தேடினார்கள். மரம் விழுந்த இடத்தில் புதுக்கன்று எழும்ப விடாமல் மரை மேய்ந்துவிடுகிறது என்பதும் அதில் ஒன்று. பாண் கொடுத்து வளர்க்கும் விலங்கு மீதி நேரத்தில் எதைத் தின்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நெலு. உங்கள் குறிஞ்சியின் உறவு. காட்டுக்குள் இடுப்பளவுக்குப் புதராக வளர்ந்து, பல வருடம் சும்மா நின்று, பிறகு ஒரே பருவத்தில் எல்லாம் சேர்ந்து பூத்து, விதை தந்து, செத்துப்போகும். 2013இல் பெரிதாகப் பூத்தது. காடு முழுவதும் தேனீக்களின் இரைச்சல். விதை உதிரும் நாட்களில் காட்டுக்கோழிகள் எங்கிருந்துதான் வருமோ! தங்கச்சி பார்த்தது ஒரு சேவல். நெலு விதை உதிரும்போது போனால் கால் வைக்கிற இடமெல்லாம் கோழி.

குன்னூர்க் குளிர்

ஐயா, நீலகிரிக் குறிஞ்சி 2006லும் 2018லும் பூத்தது. அடுத்தது 2030. காட்டுக்கோழி விதைக்கு வருவது இங்கேயும் உண்டு, ஆனால் எங்களுடையது சாம்பல் நிறம். உங்களுடைய சேவலுக்குச் சிவப்புக் கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு, அது எனக்குப் பொறாமை.

கொழுந்துக்கூடை

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள்! மாலை பள்ளிக்கூட வேலை முடிந்து வந்து எல்லாவற்றையும் அண்ணன் மகளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ஐஸ்கிரீம் செய்தி மட்டும் மனத்தில் பதிந்திருக்கிறது.

ஓணான் படத்தில் இடத்தை நீக்கி மறுபடி ஏற்றிவிட்டேன். சடைரியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் இரண்டு வால்கள் தெளிவாகத் தெரிகின்றன. ரோடோடென்ட்ரன் இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை, ஆனால் கீழே விழுந்து கிடந்த இலைகள் பழுப்பாகத்தான் இருந்தன.

மரைக்கு நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்க அண்ணன் பையைத் திறந்தார், அண்ணி முறைத்தார். அந்த முறைப்பின் பின்னால் இவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் இனி அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

படம் 5ம் 6ம் இன்னும் பாக்கி.

ஓணான் பைத்தியம்

படம் 5: அண்ணியோடு மோதத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். போவிட்டியா என்றால் இலையில் அடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் நரம்புகள் ஓடும், இலையும் தண்டும் சொரசொரப்பாக ரோமத்தோடு இருக்கும். பூவுக்குக் கீழே குட்டிக் குடம் மாதிரி ஒன்று, அதன் மேலும் ரோமம். உங்கள் படத்தில் தண்டு வழவழப்பாக இருக்கிறது, குடம் இல்லை, ஐந்து இதழும் நல்ல நீல ஊதா. இது பினர, எக்ஸாகம் ட்ரைநெர்வியம். சிங்களத்தில் செப்டெம்பரை ஒட்டிய மாதத்துக்கும் இதே பெயர்தான், பூக்கிற காலமும் அதுதான். நீங்கள் கொஞ்சம் முன்னாலேயே பிடித்துவிட்டீர்கள்.

இரண்டையும் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை. இரண்டுக்கும் மகரந்தப்பை நுனியில் மட்டும் சிறு துளை. தேனீ வந்து அதைக் கட்டிப்பிடித்துச் சிறகுத் தசையால் அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். அந்த நேரத்தில் தேனீயின் ரீங்காரத்தின் சுருதி மாறும், பக்கத்தில் நின்றால் கேட்கும். அடுத்த தடவை கமராவைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துப் பாருங்கள்.

படம் 6 எனக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குள் நான் தவளையை மட்டும்தான் பார்ப்பேன்.

மீன்தொட்டி

இத்தனை நாள் வாசகனாக மட்டும் இருந்தேன், படம் 6க்காகக் கணக்குத் திறந்தேன். அது அபொனோஜிட்டன் ஜேக்கப்செனி. இலங்கை மலைநாட்டு ஓடைகளுக்கே உரியது, வேறு நாட்டில் கிடையாது. இலை முழுவதும் தண்ணீருக்குள், பூத்தண்டு மட்டும் மேலே எழும்பும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் இதன் உறவுச் செடிகளைக் கடையில் வாங்கியிருப்பார்கள். ஆனால் இது குளிர் ஓடையிலேயே வாழ்வது, கொழும்பு வெக்கை அதற்கு ஒத்துவராது. யாராவது பிடுங்கிக்கொண்டு வரலாம் என்று நினைத்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள், பூங்காவிலிருந்து இலை எடுத்தாலும் குற்றம்.

கொழுந்துக்கூடை அக்கா, அதே படத்தில் வலது மூலையில், இலையின் அடியில் கண்ணாடி போல ஒன்று இருக்கிறதே, கவனித்தீர்களா? எனக்கு அது நன்னீர் இறால் போலத் தெரிகிறது. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் கரிடினா சிங்காலென்சிஸ் என்ற குட்டி இறால் உண்டு, அதுவும் அங்கே மட்டும்தான். மூலப் படம் இருந்தால் சுருக்காமல் அனுப்ப முடியுமா?

கொழுந்துக்கூடை

மூலப் படம் அண்ணனின் தொலைபேசியில் இருக்கிறது, கொழும்புக்குப் போய்விட்டார். இன்று இரவு அனுப்பச் சொல்கிறேன். அவர் அனுப்பாவிட்டால் அண்ணியிடம் சொல்கிறேன்.